அறுபதில் வந்த கார்

"இடிச்சது நீங்கதானே?" என்று கேட்டார் ஞானமுத்து வாத்தியார். கேட்டுவிட்டு, அடுத்து வரப்போகும் சண்டைக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பசுமலையில் மெயின் ரோட்டிலிருந்து மேட்டுக்கு ஏறும் தெரு அது. ஜெராக்ஸ் கடைக்காரர் சாப்பிடக் கிளம்பிவிடுவார் என்ற அவசரத்தில், காரை ஓரமாக நிறுத்திவிட்டு, முன்னே பின்னே பார்க்காமல் வினாத்தாளோடு கடைக்குள் ஓடியிருந்தார். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் 'டமார்' என்று சத்தம். ஓடிவந்து பார்த்தால், அவர் காரின் பின்பக்கத்தில் ஒரு பழைய வெள்ளைக் கார் முட்டிக்கொண்டு நின்றது. அதன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சலவைச் சட்டையில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான்.

அவர் கார் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். கார் அவர் மனைவி ஹெப்சிபாவுடையது. கூட்டுறவு வங்கியில் கிளார்க் வேலை பார்க்கும் அவள் லோன் போட்டு வாங்கியது. வீட்டு கேட்டில் ஒரு தடவை, தண்ணீர்த் தொட்டியில் ஒரு தடவை உரசிய வரலாறு கணவருக்கு இருந்ததால், சாவியை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். போன வாரம்தான் மனம் இறங்கிக் கொடுத்தாள்.

"உங்களால இன்னொரு கீறல் விழுந்துச்சு, அப்புறம் ஆயுசுக்கும் டவுன் பஸ்தான்" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

ஆகவே தப்பு அடுத்தவன் மேல்தான் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தாக வேண்டும்.

இளைஞன் திருதிருவென்று விழித்தான். "சார், நான் சும்மா உக்காந்து..." என்று ஆரம்பித்தான்.

அதற்குள் பக்கத்து வாசலிலிருந்து காபி டம்ளரும் கையுமாக ஒரு பெரிய மீசைக்காரரும் அவர் மனைவியும் ஓடிவந்தார்கள்.

"என்ன மாப்ள, என்ன சத்தம்?"

இளைஞன் மாமனாரைப் பார்த்தான். முட்டிக்கொண்டு நின்ற கார்களைப் பார்த்தான். சட்டென்று அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"ஆமா சார். நான்தான் இடிச்சேன்."

ஞானமுத்துவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சண்டைக்குத் தயாராக வந்தவனிடம் இப்படியா பேசுவது? வகுப்பில் கையில் பிட்டோடு பிடிபட்டவன்கூட "நான் இல்ல சார்" என்றுதான் சொல்வான். முதல் கேள்வியிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்கிற ஒரு மனிதனை இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் அவர் பார்த்ததே இல்லை. இவன் யார், என்ன ரகம் என்று அவருக்குக் குறுகுறுப்பு வந்துவிட்டது.

இளைஞன் பெயர் அழகுராஜா. மாமனார் கருத்தக்கண்ணன், செக்கானூரணிப் பக்கம் விவசாயம். மற்றதையெல்லாம் மாமியார் பாண்டியம்மாள் யாரும் கேட்காமலேயே சொன்னாள்.

"மகளுக்குப் பிரசவம் ஆனது எங்க வீட்லதான் சார். எங்க வீட்டுக்காரரு, பச்சப்புள்ளைய பஸ்ல அனுப்பவே மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. அதுக்கு மாப்ளதான், நான் சொந்தமா கார் வாங்கிட்டேன், அதுலயே கூட்டிட்டு வாரேன்னாரு. சரி, கண்ணால பாத்துருவோம்னு மாப்ள வீட்டுக்கு வந்தோம்."

"பழைய வண்டியா இருக்கே, மேடு ஏத்தம்னா இழுக்குமான்னு இப்பத்தான் உள்ள பேசிக்கிட்டு இருந்தோம்" என்றார் கருத்தக்கண்ணன், நசுங்கிய பம்பரைப் பெருமையோடு பார்த்தபடி. "இழுக்குதே!"

ஞானமுத்து விசாரணையைத் தொடர்ந்தார்.

"இன்சூரன்ஸ் இருக்கா தம்பி?"

"இல்ல சார்."

"லைசென்ஸ்?"

"அதுவும் இல்ல சார்."

"இது எதுவுமே இல்லாம வண்டி எடுக்கலாமா? போலீஸ் பிடிச்சா என்ன ஆகும்?"

"பிடிக்கட்டும் சார். ரோட்டுல வண்டி ஓட்டுறவன்னா நாலும் நடக்கத்தான் செய்யும்" என்றான் அழகுராஜா, மாமனாருக்கும் கேட்கிற மாதிரி.

இவ்வளவு நல்ல குற்றவாளி கிடைத்திருக்கும்போது தாமதிக்கக் கூடாது. ஞானமுத்து மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஹெப்சி, பதறாத. பின்னால இருந்து ஒருத்தர் வந்து காரை இடிச்சிட்டாரு. தப்பு முழுக்க அவரோடதுதான். அவரே சொல்றாரு, கேளு."

"வணக்கம் மேடம்" என்று போன் பக்கம் குனிந்தான் அழகுராஜா. "நான்தான் இடிச்சேன். சார் மேல ஒரு தப்பும் இல்ல."

"எம்புட்டு வேகத்துல வந்தீங்க?"

அழகுராஜா மாமனாரை ஓரக்கண்ணால் பார்த்தான். "அறுபது மேடம்."

"அப்படிப் போடு!" என்று மீசையைத் தடவினார் கருத்தக்கண்ணன்.

"அறுபதா! ஏங்க, உங்களுக்கு அடி கிடி பட்டுச்சா? அங்கனயே இருங்க. பெர்மிஷன் போட்டுட்டு இப்பவே வாரேன்!"

போன் வைக்கப்பட்டுவிட்டது. அப்புறம்தான் ஞானமுத்துவுக்கு உறைத்தது. வங்கியில் ஹெப்சிபா இருப்பது வாகனக் கடன் பிரிவில். வண்டியில் ஒரு பள்ளத்தைப் பார்த்தால் அது எப்படி விழுந்தது என்று சொல்லிவிடுவாள். அறுபது என்பதை நம்பவே மாட்டாள்.

"ஏன் தம்பி அறுபதுன்னீங்க? இருபதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"இருபதா?" கருத்தக்கண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க மாப்ள என்ன மாட்டு வண்டியா ஓட்டுறாரு?"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் பாண்டியம்மாள். "அறுபதுல போற ஆள நம்பி பச்சப்புள்ளைய எப்படி அனுப்புறது? மாப்ள, நெசமாவே அறுபதா?"

"இல்ல அத்த, முப்பதுதான்" என்றான் அழகுராஜா அவசரமாக.

"அப்ப வண்டி இழுக்காதா மாப்ள?"

"இழுக்கும் மாமா. நான்தான் அடக்கிப் பிடிச்சேன்."

கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதுபோல் ஏறி இறங்கி, கடைசியில் நாற்பதில் முடிந்தது. இடிபட்டவர் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுகிற விபத்து உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும்.

ஞானமுத்துவால் அடக்க முடியவில்லை. அழகுராஜாவைத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

"உண்மையைச் சொல்லுங்க தம்பி. நீங்க ஏன் இம்புட்டு நல்லவரா இருக்கீங்க?"

"சார்" என்றான் அவன் மெல்ல. "இடிச்சது நானாவே இருந்துட்டுப் போறேன். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இதுக்கு மேல கேக்காதீங்க."

கேட்காதே என்றால் கேட்கத்தான் தோன்றும். ஆனால் ஹெப்சிபா வருவதற்குள் இரண்டு கார்களையும் பிரித்து, பள்ளத்தைக் கொஞ்சம் துடைத்தாவது வைக்கலாம் என்று பட்டது.

"வண்டியைக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க தம்பி."

"இப்ப ராகு காலம் சார்."

"ரிவர்ஸ் எடுக்கிறதுக்கா?"

"எதுக்கா இருந்தாலும் ராகு காலம் ராகு காலந்தானே" என்று மாப்பிள்ளைக்கு ஒத்து ஊதினார் கருத்தக்கண்ணன்.

சரி, நம் காரையே முன்னால் எடுப்போம் என்று ஞானமுத்து ஏறி உட்கார்ந்தார். ஹேண்ட் பிரேக்கை இறக்கப் போனார். அது ஏற்கெனவே இறங்கித்தான் இருந்தது. ஒரு வேலை மிச்சம் என்று கியரைப் போட்டு அழுத்தினார்.

கார் நகர்ந்தது. கூடவே வெள்ளைக் காரும் வந்தது. அதன் முன்பக்கக் கம்பி இவர் பம்பருக்குள் மாட்டியிருந்தது. "ஐயய்யோ, நிறுத்துங்க சார்!" என்று அழகுராஜா கத்த, 'கர்ரக்' என்று பாதி பம்பர் பிய்ந்து தொங்க, ஞானமுத்து பதறிப்போய் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட, இரண்டு கார்களும் சேர்ந்தே பின்னால் வந்து பழைய இடத்திலேயே நின்றன.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவிலிருந்து இறங்கினாள் ஹெப்சிபா.

கணவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். முழுசாக இருந்தார். அதற்குப் பிறகுதான் காரைப் பார்த்தாள். இரண்டு கார்களையும் ஒரு சுற்று சுற்றி வந்தாள். அந்த ஒரு சுற்றில் ஞானமுத்து மனசுக்குள் பைபிளிலிருந்து இரண்டு சங்கீதம் சொல்லி முடித்துவிட்டார்.

"இந்த வெள்ளை வண்டியோட பின் சக்கரத்துல கல்லு அண்டக் குடுத்துருக்கே?"

"நான்தான் வச்சேன் மேடம். மறுபடியும் இடிச்சிறக் கூடாதுல்ல" என்றான் அழகுராஜா.

"அறுபதுல வந்து இடிச்சா இவ்வளவுதான் அடிபடுமா?"

"நாப்பது!" என்றார்கள் ஞானமுத்துவும் அழகுராஜாவும் ஒரே குரலில்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "இவரு இடிச்சதை நீங்க பாத்தீங்களா?"

"நான் ஜெராக்ஸ் கடைக்குள்ள இருந்தேன். ஆனா இவரு பாத்துருக்காரே. இவருதானே இடிச்சாரு."

"ஆமா மேடம். சத்தியமா நான்தான். எம் புள்ள மேல ஆணையா..." என்று ஆரம்பித்த அழகுராஜாவின் வாயைப் பாண்டியம்மாள் பொத்தினாள்.

இதற்கு மேல் ஹெப்சிபா என்ன கேட்பாள்? எவனோ ஒருத்தன் இப்படி மார்தட்டி ஒப்புக்கொள்ளும்போது கட்டிய கணவனைச் சந்தேகப்படுவது நியாயமில்லை என்று அவளுக்கே தோன்றியது.

"சரிங்க. இந்தத் தடவை உங்க மேல தப்பில்ல. பாவம், நீங்க கவனமாத்தான் இருந்துருக்கீங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஞானமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் 'உங்க மேல தப்பில்ல' என்று அவர் கேட்டதில்லை. அந்தப் பக்கம் பாண்டியம்மாளும் சமாதானமாகியிருந்தாள். "வர்ற புதன்கெழம நாள் நல்லாருக்கு மாப்ள. வண்டியச் சரி பண்ணி எடுத்துட்டு வந்து, புள்ளையவும் தாயையும் கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள். கருத்தக்கண்ணன் மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

குற்றவாளியும் இடிபட்டவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் திருப்தி. இனி இரண்டு கார்களையும் பிரிக்க வேண்டியதுதான் பாக்கி.

"பழங்காநத்தத்துல சோலைன்னு ஒரு மெக்கானிக் இருக்காப்ல. போன் போட்டுட்டேன், பக்கத்துலதான் இருக்காப்லயாம்" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

அழகுராஜாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "சோலையா? வேணாம்ணே. அவரு வேலை சுத்தமா இருக்காது. வேற ஆளப் பாப்போம்" என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் கிரீஸ் கறை படிந்த சட்டையோடு ஒருவர் பைக்கில் வந்து இறங்கிவிட்டார்.

"வாங்கண்ணே" என்றாள் ஹெப்சிபா. "இந்த வெள்ளைக் கார் பின்னால இருந்து வேகமா வந்து எங்க காரை இடிச்சு மாட்டிக்கிச்சு. இதை மட்டும் ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துக் குடுங்க."

சோலை வெள்ளைக் காரைப் பார்த்தார். ஹெப்சிபாவைப் பார்த்தார். பிறகு அழகுராஜாவிடம் திரும்பினார்.

"என்னண்ணே, ஸ்டார்ட் பண்ணச் சொல்றாங்க, நீங்க சொல்லலையா? இதோட இன்ஜின் மூணு மாசமா நம்ம பட்டறையிலல்ல கெடக்கு!"