ஓடு என்றொரு கட்டளை

இந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் தூங்கியே தீருவது என்று எடிட்டர் சபதம் எடுத்தார்.

சின்ன சபதம்தான். ஆனால் எடுத்தவர் முகத்தைப் பார்த்திருந்தால் அதன் எடை புரிந்திருக்கும். இரண்டு கண்ணுக்குக் கீழேயும் இரண்டு பை. ஒரு வாரத்துத் துணியை அதில் அடைத்துக்கொண்டு வெளியூரே போய் வரலாம்.

விழாக்களைப் படம் பிடித்து, வெட்டி, ஒட்டிக் கொடுப்பது அவர் தொழில். வெட்டுவதும் ஒட்டுவதும்கூடப் பரவாயில்லை. கடைசியில் அந்த வீடியோவைச் சுருக்கி, அனுப்பக்கூடிய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். என்கோடிங் என்பார்கள். நாலு மணி நேர விழாவைச் சுருக்க அவருடைய கிழட்டுக் கம்ப்யூட்டர் ஏழு மணி நேரம் முனகும். திடீரென்று பாதியில் மூச்சை விடும். அதனால் ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்த சொந்தக்காரர் மாதிரி அவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

அதில் ஒரு சௌகரியமும் இருந்தது.

"என்னங்க, தண்ணி கேன் வந்திருக்கு."

"ஓடிக்கிட்டிருக்கும்மா."

"என்னங்க, பாத்ரூம்ல பல்பு போயிடுச்சு."

"ஓடிக்கிட்டிருக்கும்மா."

பத்து வருஷமாக அந்த வீட்டில் ஓடியது அது ஒன்றுதான். கேனைத் தூக்கியதும் பல்பை மாட்டியதும் மனைவி.

மனைவி ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ். முப்பது நர்ஸுகளுக்கு டியூட்டி போடுகிறவள். நிஜ வயிற்றுவலி எது, லீவு கேட்டு வந்த வயிற்றுவலி எது என்று கதவருகே நின்றபடியே சொல்லிவிடுவாள். எடிட்டர் இதை மறந்துபோனார். தூக்கம் இல்லாத மூளை, பாவம், எதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும்?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு இடி காத்திருந்தது. ஒன்று, பள்ளி ஆண்டு விழா வீடியோ. பிரின்சிபால் அம்மா மூக்காலேயே பேசுவார்: "ஸார்ர், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. ஆறு ஒண்ணு ஆனா எனக்கு வேண்டாம் ஸார்ர்." இரண்டாவது, மாமியார். அதே கட்டடத்தில் மூன்றாவது மாடிக்குக் குடிவருகிறார்.

"அத்தையோட பீரோ இரும்பு பீரோ இல்ல?" என்று எடிட்டர் மெதுவாக விசாரித்தார்.

"ஆமா."

"லிஃப்ட்ல ஏத்திடலாம்."

"நுழையாது. அளந்துட்டேன்."

அந்த நிமிஷமே அவர் திட்டம் தீட்டினார். வீடியோ சீக்கிரம் முடிய வேண்டும். முடிந்தது யாருக்கும் தெரியக் கூடாது. மிச்ச நேரமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு தூக்கம்.

வீடியோவைத் துண்டு போட்டு, பல கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒரே நேரத்தில் சுருக்க வைக்கும் மென்பொருள் ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் அதற்கு முப்பது விதமாக உத்தரவு போட வேண்டும். ஒரு புள்ளி தவறினால் சம்பந்தி மாதிரி முறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அந்த முப்பதையும் ஸ்கிரிப்ட் என்கிற ஒரே கோப்புக்குள் போட்டுப் பொட்டலம் கட்டிவிட்டால், வெளியிலிருந்து ஒரே ஒரு வார்த்தை தட்டினால் போதும். அந்த வார்த்தைக்கு 'ஓடு' என்று பெயர் வைத்தார்.

முதல் சோதனையில் அது ஓடியது. ஒட்டும்போதுதான் ஒன்றாம் துண்டுக்கு அப்புறம் பத்து, பதினொன்று, பிறகு சாவகாசமாக இரண்டு என்று ஒட்டி வைத்தது. பிரின்சிபால் அம்மா "வந்தவர்களுக்கு நன்றி" என்று கும்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் "வருக வருக" என்று ஆடிக்கொண்டு வந்தார்கள். கம்ப்யூட்டர் எண்களை அகராதிச் சொற்கள் மாதிரி முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கியிருந்தது. எடிட்டர் எல்லா ஒற்றை இலக்க எண்களுக்கும் முன்னால் ஒரு சைபர் போட்டு வரிசையில் நிறுத்தினார்.

அடுத்தது ஆள் பிடிப்பது. மச்சானிடம், அதாவது மனைவியின் தம்பியிடம், விளையாடுகிற கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. "எடுத்துக்கங்க மாமா. அன்னிக்கு நான் எப்படியும் பீரோவுக்கு அடியிலதானே இருக்கப்போறேன்" என்று கொடுத்துவிட்டான். பிறகு சமையலறை.

"உன் லேப்டாப்பை ஒரு நாள் குடேன்."

"எதுக்கு?"

"வேலையைப் பங்கு போட. இந்த பீன்ஸை நீ ஒருத்தியே நறுக்கினா அரை மணி நேரம். மூணு பேர் நறுக்கினா?"

"எங்க, அந்த மிச்ச ரெண்டு பேரைக் காட்டுங்க."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா."

"அதானே பாத்தேன். லேப்டாப் சூடாகுமா?"

"கொதிக்கும். ஃபேன் ஏரோப்ளேன் மாதிரி கத்தும். பயப்படாதே, வேலை முடிஞ்சதும் தானா அடங்கிடும்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இப்படித்தான் பீன்ஸுக்கு நடுவில் நடக்கிறது.

சனிக்கிழமை அவர் கடைசி மெருகு ஏற்றினார். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைப் பட்டை ஒன்று. அதை வேலையோடு கட்டாமல் கடிகாரத்தோடு கட்டினார். உள்ளே என்ன நடந்தாலும் சரி, அது சாயங்காலம் ஐந்து மணி வரை ஆமையாக நகரும். தொண்ணூற்றொன்பதில் போய்க் கொஞ்சம் நிற்கவும் வைத்தார். நிஜப் பட்டைகள் எல்லாம் அங்கேதான் நிற்கும். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா?

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு 'ஓடு' என்று தட்டினார். மூன்று கம்ப்யூட்டரும் ஹுய்ய்ங் என்று கிளம்பின. பதினொரு மணிக்குச் சத்தம் அடங்கியது. வீடியோ தயார். ஒழுங்கான வரிசையில், முழுசாக. பட்டை மட்டும் பதினேழு என்றது. எடிட்டர் நாற்காலியைச் சாய்த்தார். இமை மூடியது. ஆகா!

கீழே லாரி ஹாரன். கதவு திறந்தது.

"எவ்வளவு ஆச்சு?" மனைவி.

"பதினேழுதான்மா." குரலில் இழவு வீட்டுச் சோகம்.

"ஐயோ பாவம்." அவள் வந்து, குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி புறங்கையை லேப்டாப்பின் மேல் வைத்தாள். எடிட்டருக்கு நெஞ்சே உருகியது. என்ன ஒரு கருணை!

"எழுந்திருங்க" என்றாள்.

"பாத்துக்கணும்மா. பாதியில செத்துடும்."

"தினம் பன்னிரண்டு மணி நேரம் மானிட்டர் பாக்கறவ நான். செத்தா எனக்குத் தெரியாதா? நீங்க கீழ போங்க. இது நூறு ஆன உடனே ஒரு குரல் கொடுக்கறேன், கையில இருக்கறதை அப்படியே வெச்சுட்டு வந்து தூங்குங்க. அதுவரைக்கும் தூக்கினாப் போதும்."

முடிந்துவிட்டது என்று சொன்னால் பத்து வருஷத்து 'ஓடிக்கிட்டிருக்கு' எல்லாம் தோண்டி எடுக்கப்படும். திருடனுக்குத் தேள் கொட்டின கதை. எடிட்டர் வாயைப் பொத்திக்கொண்டு படி இறங்கினார்.

அட்டைப் பெட்டிகள். ஃப்ரிட்ஜ். மறுபடி அட்டைப் பெட்டிகள். மச்சான் ஓயாமல் வர்ணனை: "மாமா, இடது பக்கம்... என் இடது இல்ல, உங்க இடது... விரல்! மாமா, விரல்!" மாமியார் மேலிருந்து: "மாப்பிள்ளை இவ்வளவு சுறுசுறுப்புன்னு தெரியாமப் போச்சே!"

அவர் வீடு முதல் மாடி. ஒவ்வொரு தடவை வாசலைக் கடக்கும்போதும் உள்ளே எட்டிக் கத்தினார்.

"எவ்வளவு?"

"முப்பத்தொண்ணு."

"கொஞ்சம் வேகமா ஓடலையா?"

"அது பாட்டுக்கு நிதானமா ஓடுது. நீங்க எழுதினதாச்சே!"

இரண்டு மணிக்கு ஐம்பத்தெட்டு. எடிட்டர் உள்ளேயே போய்விட்டார். "ஒரு நிமிஷம் எழுந்திரு. ஒரு கட்டளை தட்டணும்."

"சொல்லுங்க, நானே தட்டறேன். எழுத்து எழுத்தா சொல்லுங்க."

என்ன சொல்வார்? சொன்னால் பட்டையின் குட்டு உடைந்துவிடும். கொதித்துக்கொண்டிருக்க வேண்டிய லேப்டாப்பை அவள் மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வார டியூட்டி சார்ட் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தார்தான். பார்த்ததை மூளைக்குக் கொண்டுபோக உடம்பில் தெம்பில்லை.

பீரோ கடைசியாக வந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அது சுவருக்கும் எடிட்டருக்கும் நடுவே நின்றபோது ஐந்து மணி.

"எவ்வளவு?" கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி ஒரு குரல்.

"தொண்ணூத்தொன்பது!"

எடிட்டர் சிரித்தார். அந்த மாதத்தில் முதல் தடவை. பிறகு சிரிப்பு அப்படியே உறைந்தது. தொண்ணூற்றொன்பதில் கொஞ்சம் நிற்க வைத்தோமே... எத்தனை விநாடி போட்டோம்? மூவாயிரத்து அறுநூறு.

"முடிஞ்சுடுச்சும்மா!" என்று அலறினார். "காலையிலயே முடிஞ்சுடுச்சு! அந்தப் பட்டை பொய்!"

மனைவி படியேறி வந்து நின்றாள். "தெரியும்."

"எப்போ?"

"பதினொரு மணிக்கு. பதினேழுல இருக்கற பேஷன்ட் உடம்பு அப்படி சில்லுன்னு இருக்காது. முடிஞ்சதும் அடங்கிடும்னு நீங்கதானே சொன்னீங்க? 'முடிந்தது'ன்னு பேரெழுதி ஃபோல்டர் வேற வெச்சிருக்கீங்க. பதினொன்னரைக்கே பிரின்சிபாலுக்கு அனுப்பிட்டேன். 'ரொம்ப சந்தோஷம் ஸிஸ்டர்ர்'னாங்க."

"அப்புறம் ஏன் என்னை இவ்வளவு நேரம்..."

"நூறு ஆனா கூப்பிடறேன்னேன். ஆகலையே!"

"மாமா, பேசுங்க, ஆனா பிடிச்சுக்கிட்டே பேசுங்க" என்றது பீரோவின் மறுபக்கம்.

"சரி, அது நூறாக இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மனைவி கேட்டாள்.

உலகத்திலேயே அதற்குப் பதில் தெரிந்த ஒரே மனிதர் பீரோவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"ஒரு மணி நேரம்."

"அப்ப நல்லதாப் போச்சு. அம்மா கட்டிலையும் மாட்டிடுங்க."