'மாமா' என்று அடித்தால் யாருமில்லை

அன்புள்ள மாமாவுக்கு,

அக்கா மகள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் அத்தையும், கடை வாசல்வரை வரிசையில் நிற்கும் பழுதான ஃபிரிட்ஜ்களும் நலமாக இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ்கள் மட்டும் ரொம்பவும் நலமாகிவிட வேண்டாம், உங்கள் பிழைப்பு இருக்கிறது. இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். ஃபோனை எடுத்தால்தானே! கூப்பிடும்போதெல்லாம் அத்தை எடுத்து, "அவரு ஃபிரிட்ஜுக்குள்ள தலைய விட்டுட்டு இருக்காரும்மா" என்கிறார். ஒரு மனிதர் எத்தனை நாள்தான் தலையை உள்ளேயே வைத்திருப்பார்? நம் வகுப்பு ஒன்றுகூடலைப் பற்றி நான் பேசுவேன் என்று தெரிந்துதான் தலை உள்ளே போகிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பள்ளியை விட்டு இத்தனை வருஷம் கழித்து எல்லாரும் ஒருநாள் கூடுவதென்று நம் கிளாஸ் லீடர் முடிவெடுத்தான். இப்போது அவன் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனிக்கு முதலாளி. ஆனால் குரல் மாறவில்லை, வகுப்பில் பேசியவர்கள் பெயரைப் போர்டில் எழுதிவிடுவேன் என்கிற அதே குரல். "நீதான் வெப்சைட் வேலையெல்லாம் பாக்கிறியே, வர்றவங்க பேரப் பதிய ஒரு பக்கம் செஞ்சு குடு" என்றான். பள்ளியிலிருந்து பெயர்களை வாங்கி அனுப்பினான். நானும் அவற்றை ஒரு டிராப்டவுனில் போட்டேன். டிராப்டவுன் என்றால், தொட்டதும் திறந்து பெயர்களையெல்லாம் கீழே தொங்கவிடும் ஒரு பெட்டி. மூன்று பிரிவையும் சேர்த்து இருநூறுக்கு மேல் பெயர்கள். லீடர் தன் பெயரைப் பிடிக்க விரலால் தள்ளித் தள்ளி, கிட்டே வரும்போது தவறி, மறுபடி மேலிருந்து ஆரம்பித்து, கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "இதுக்கு மாடிப்படி ஏறலாம்" என்றான். சரியென்று தேடும் வசதியுள்ள பெட்டியாக மாற்றினேன். இரண்டு எழுத்து அடித்தால் போதும், பொருந்துகிற பெயர்கள் மட்டும் நிற்கும், மற்றவை விலகிவிடும். செய்து முடித்து நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். தட்டிய கை கீழே இறங்குவதற்குள் ஃபோன் அடித்தது.

பெயரை அடித்தால் வரவில்லையாம். பார்த்தால் எல்லாப் பெயருக்கும் முன்னால் இனிஷியல், என் பெட்டியோ முதலெழுத்திலிருந்துதான் தேடியது. கூடப் படித்தவனின் அப்பா பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அதைச் சரிசெய்தால் அடுத்தது எழுத்துப்பிழை. நம் ஆட்களில் பாதிப்பேருக்குச் சொந்தப் பெயரிலேயே எந்த 'ன', எந்த 'ர' என்று சந்தேகம். போகட்டும் என்று 'ர'வும் 'ற'வும் ஒன்றுதான், 'ல'வும் 'ள'வும் 'ழ'வும் ஒன்றுதான் என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தேன். இது எப்படியோ நம் தமிழ் டீச்சர் காதுக்கு எட்டிவிட்டது. "காலமெல்லாம் தொண்டத் தண்ணி வத்தக் கத்தினேன், நீ ஒரே நாள்ல எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டியேடீ!" என்றார். நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன், மாமா. இந்த வயதில், என் வீட்டில், என் நாற்காலியிலிருந்து.

அப்புறம்தான் உண்மையான சிக்கல் தெரிந்தது. யாருக்கும் யாருடைய பெயரும் தெரியாது! பட்டப்பெயர்தான் தெரியும். அணுகுண்டு என்றால் ஊருக்கே தெரியும், அவள் சொந்தப் பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். அதனால் ஒவ்வொருவருக்கும் பட்டப்பெயரையும் சேர்த்தேன். அதைத் தேடுவதற்கு மட்டும் உள்ளே ஒளித்துவைத்திருக்க வேண்டும். அவசரத்தில் வெளியே தெரியும்படி விட்டுவிட்டேன். பல்லி இப்போது பெரிய இதய டாக்டர். அவனுக்காகப் பதிய உட்கார்ந்த நர்ஸ், டாக்டர் பெயருக்குப் பக்கத்தில் 'பல்லி' என்று பார்த்தாளாம். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் யாரும் அவன் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. திட்டப்போகிறான் என்று பயந்துகொண்டே ஃபோனை எடுத்தேன். "அப்படிக் கூப்பிட்டு எவ்வளவு காலமாச்சு! இன்னொரு தடவ சொல்லேன்" என்றான். சொன்னேன்.

இதற்கு நடுவே அணுகுண்டு அழாத குறையாகக் கூப்பிட்டாள். பெயரை முழுசாக அடிக்காமல் என்டரைத் தட்டினால் பெட்டி முழுப் பட்டியலின் முதல் பெயரைப் பிடித்துக்கொண்டது, அந்தப் பெயர் அவளுடையது. "எம் பேருல நாப்பது பேர் வர்றாங்களாம்! எங்க வீட்டுக்காரர் யாரு இவங்கல்லாம்னு கேக்குறாரு!" அவள் பெயரில் வந்தவற்றை மட்டும் அழித்துவிட்டு, ஒரு பெயரில் ஒரு பதிவுதான் என்று கதவைச் சாத்தினேன்.

உண்மையைச் சொன்னால், இத்தனை திட்டு வாங்கியும் வேலை கசக்கவில்லை. சோதித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு உட்காருவேன். ஒரு பட்டப்பெயரை அடிப்பேன். பெட்டியில் ஒரு வரிதான் வரும், எனக்கோ ஒரு பெஞ்சே வந்துவிடும். தகரக் கூரையில் மழை விழுந்தால் பாடம் கேட்காது, டீச்சர் வாய் மட்டும் அசையும், நாம் எல்லாம் புரிந்தமாதிரி தலையாட்டுவோமே, அது வரும். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் நனைந்த ரிப்பனைப் பிழிவது வரும். உங்கள் மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "என்ன, கம்ப்யூட்டரப் பாத்துச் சிரிக்கிற?" என்பார். வேலை என்பேன்.

பல்லியோடு பேசினேன் என்றேனே, அவன் ஃபோனை வைக்கும் முன் கேட்டான்: "அது சரி, மாமா எங்க? 'மாமா'ன்னு அடிச்சா 'பொருந்தும் பெயர் எதுவும் இல்லை'ங்குதே?" மறுநாள் அணுகுண்டு அதையே கேட்டாள். அதற்கடுத்து டீச்சர். அந்த வாசகத்தை எழுதியவள் நான்தான், மாமா. யாராவது தப்பாக அடித்தால் காட்டட்டும் என்று சாதாரணமாக எழுதினேன். அது உங்களைப் பார்த்துச் சொல்லும் என்று தோன்றவில்லை.

நீங்கள் ஏழாவதில் ஒரு வருஷமும் ஒன்பதாவதில் ஒரு வருஷமும் தங்கி எனக்காகக் காத்திருந்து, கடைசியில் என் வகுப்புக்கே வந்து சேர்ந்தீர்கள். என்ன ஆனாலும் மரியாதை குறையக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. நான் பக்கத்து பெஞ்சிலிருந்து, "மாமா, அந்த ரப்பரக் கொஞ்சம் குடுங்க" என்பேன். வகுப்பே சிரித்தது. ஒரு மாதத்தில் வகுப்பே உங்களை மாமா என்றது, டிரில் வாத்தியார்கூட, "மாமா, வரிசைல நில்லுப்பா" என்றார். பரீட்சை நேரத்தில் உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பிறகு ஐஸ் ஃபேக்டரி வேலை வந்தது. பரீட்சை எழுதாதவர் என்பதால் பள்ளி கொடுத்த பெயர்களில் நீங்கள் இல்லை.

லீடரிடம் சண்டைக்குப் போனேன். "பாஸ் பண்ணவங்கதான். இல்லாதவங்களச் சேத்தா ஆளாளுக்கு வருவாங்க" என்றான்.

"மாமா ஆளாளுக்கா? அவரு எழுதினதப் பாத்து எழுதித்தானே நீ கணக்குல ஃபெயில் ஆன!"

"மூணு பேர் ஆனோம்" என்றான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. "பெருசு பெருசா எழுதுவாரு, பின் பெஞ்சுக்குத் தெரியட்டும்னு. எல்லாமே தப்பு." சிரித்து முடித்துவிட்டு, "சரி, போடு. கடைசில போடு" என்றான்.

"அகர வரிசைல 'மா' எங்க வருமோ அங்கதான் வரும்" என்று வைத்துவிட்டேன்.

டீச்சர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "எல்லாரும் நான் உள்ள வந்தா கடமைக்கு எந்திரிப்பீங்க. அவன் ஒருத்தன்தான் சந்தோஷமா எந்திரிப்பான். அவன் வரலன்னா நானும் வரல." ஆகவே, மாமா, யாருக்கு நம்மை ஞாபகம் இருக்கும் என்று கூச்சப்பட்டு ஒதுங்காதீர்கள். பெயரைப் போட்டாகிவிட்டது. இரண்டெழுத்து அடித்தால் வந்துவிடுவீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், பதிந்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் நானே வந்து ஃபிரிட்ஜ் கதவைத் தட்டுவேன்.

அத்தைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் முழங்கால் வலி குறைந்து, நீங்கள் எல்லா மாடியும் ஏற வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போதுதான், ஊரையெல்லாம் பதிய வைத்தவள் என்னைப் பதியவில்லையே என்று ஞாபகம் வந்தது. பக்கத்தைத் திறந்து என் பெயரைத் தொட்டேன். 'இவர் ஏற்கெனவே பதிந்துவிட்டார்' என்றது. பதிவுகளை எண்ணுவது லீடர்தான், பெயரைத் தாண்டி எதையும் படிப்பதில்லை; அவனைக் கூப்பிட்டு முழுசாகப் பார்க்கச் சொன்னேன். பக்கம் திறந்த முதல் நாளே என் பெயரில் ஒரு பதிவு, ஃபோன் நம்பர் உங்களுடையது, வருகிறவர்கள் இரண்டு பேர். 'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா' என்ற இடத்தில், "எம் பேரு இதுல இல்ல. அக்கா மகள் பேருல வர்றேன். மாமான்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். லீடர் அதைப் படிக்கும்போது நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்தினான், ஜலதோஷமாம். தலை ஃபிரிட்ஜுக்குள் போனது இதற்குத்தானா, மாமா! ஆகவே மேலே 'வாருங்கள், வாருங்கள்' என்று கெஞ்சியதையெல்லாம் படிக்காமல் விட்டுவிடுங்கள். அந்தப் பதிவை அழிக்க எனக்குக் கை வரவில்லை, நீங்கள் நானாகவே வாருங்கள். பெட்டியில் 'மாமா' காலியாகத்தான் இருக்கிறது. அந்தப் பெயரில் நான் வருகிறேன்.