இடது கைச் சுண்டு விரல்

பியோ கில்நம் தன் அறைத்தோழர் மா சங்தேவுக்குத் தர வேண்டிய பாக்கி சரியாக நான்கு லட்சத்து முப்பத்தேழாயிரம் கொரிய வோன். சங்தேயின் நோட்டில் அது ஐந்து வரியாக இருந்தது. ஆகஸ்டு கடைசியில் தொடங்கி, மூன்று வாரத்துக்கு ஒரு வரி. ஐம்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றவர் சங்தே. எழுத்து வளைந்த கம்பி மாதிரி இருக்கும், ஆனால் கணக்கு நேராக இருக்கும்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஒருத்தனுக்கு அப்படி என்ன செலவு? கில்நம் குடியை விட்டு நாளாகிறது. பெண்சாதி, பிள்ளை இல்லை. குதிரைப் பந்தயமாகத்தான் இருக்கும் என்று சங்தே முடிவு கட்டியிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை விடியற்காலையில் பாக்கியைவிடப் பெரிய தொல்லை வந்தது. வேலை நடக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் இருந்த கைரேகை மெஷின், சங்தேயைத் தெரியாது என்று சொல்லிவிட்டது.

"மீண்டும் முயற்சி செய்யவும்" என்றது மெஷினுக்குள் இருந்த பெண் குரல்.

கட்டை விரலை ஊதி வைத்தார். சட்டையில் துடைத்து வைத்தார்.

"மீண்டும் முயற்சி செய்யவும்."

பின்னால் நாற்பது பேர் குளிரில் காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணே, பொம்பள குரல் கேக்கணும்னு அங்கேயே நின்னா எப்படி? நாங்களும் கேக்கணும்ல!" என்று ஒருவன் கத்தினான்.

கில்நம் மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் வந்து, சங்தேயின் கையைப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் பார்த்தான்.

"சிமெண்டுண்ணே. சிமெண்டு தின்னுடுச்சு. ஆபீஸ்ல அப்படியே சொல்லுங்க" என்றான். தன் முறை வந்ததும் இடது கையுறையைப் பாதி கழற்றி, சுண்டு விரலை மட்டும் வைத்து உள்ளே போனான். அவன் எப்போதும் சுண்டு விரல்தான். கேட்டால் ராசி என்பான்.

ஆபீசில் இருந்த பொரா என்ற பெண் நல்லவள். "இன்னைக்குக் கையால எழுதிக்கிறேன் ஐயா. மூணு நாள் பொறுப்பேன். அதுக்கு மேல தலைமை ஆபீஸ்ல என்னைக் கேப்பாங்க" என்றாள்.

சிமெண்டு இல்லை என்பது சங்தேவுக்குத் தெரியும்.

செப்டம்பரில் வயிற்றைத் திறந்தார்கள். சைட்டில் எல்லாரிடமும் குடல்வால் என்று சொல்லிவிட்டார். வெட்டி எடுத்தது குடல்வால் இல்லை, குடலில் ஒரு சாண். அக்டோபரில் மாத்திரை தொடங்கினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில், மூக்குக்கண்ணாடி போட்ட நர்ஸ் ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"சாப்பிட்டு அரை மணிக்குள்ள போடணும். கடிக்காம, உடைக்காம, தண்ணியோட முழுங்கணும். ஒரு வேளை மறந்தா அடுத்த வேளை ரெண்டாப் போடக் கூடாது. பதினாலு நாள் போட்டா ஏழு நாள் லீவு."

"மாத்திரைக்கே லீவு உண்டா? எங்க சைட்டுல அதுகூட இல்லம்மா."

"வேற யாரும் இதைத் தொடவே கூடாது. ஜுரம் முப்பத்தெட்டைத் தாண்டினா எந்த நேரமானாலும் வரணும். பச்சை மீன் வேண்டாம். வெந்நீர்க் குளியல் வேண்டாம். உள்ளங்கை, உள்ளங்கால் செவக்கும், உரியும். ரேகைகூட அழியலாம்."

"ரேகை போனா போகுது. இந்த வயசுல ஜோசியம் பாத்து என்ன ஆகப்போகுது?"

"சிரிக்காதீங்க. எரிய ஆரம்பிச்ச உடனே போன் பண்ணுங்க, அளவைக் குறைப்போம். பொறுத்துக்கிட்டு இருக்கக் கூடாது."

பொறுத்துக்கொள்வது ஒன்றுதான் சங்தே முழுசாகக் கற்ற தொழில். அவர் போன் பண்ணவில்லை. அன்று கடைசியில் நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். துணைக்கு வருபவர் பெயர் என்று ஒரு கட்டம். சங்தே யோசித்து, தன் வளைந்த கையெழுத்தில் 'யாருமில்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

சைட்டுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். தோ என்ற மேஸ்திரி கெட்டவர் இல்லை, ஆனால் நோயாளியை மாடியில் ஏற்ற மாட்டார். மறுநாள் பட்டியலில் பெயர் இருக்காது. கூலி நின்றால் வாடகை நிற்கும், வாடகை நின்றால் மாத்திரையும் நிற்கும். அதனால் சூசொக் அறுவடைப் பண்டிகைக்குக் கம்பெனி எல்லாருக்கும் கொடுத்த பச்சை வைட்டமின் பாட்டிலைக் காலி பண்ணி, அதில் இந்த மாத்திரைகளைப் போட்டு, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

சம்பளத்தன்று எல்லாரும் மீன் கடைக்குப் போனால் சங்தே தன் பச்சை மீனைக் கில்நம் தட்டில் வைப்பார். "நீ சாப்பிடுப்பா, இளைச்சிட்டே." கில்நம் உடனே அதைத் திருப்பி வைப்பான். "நீங்க சாப்பிடுங்கண்ணே, ஆபரேஷன் உடம்பு." மீன் அங்கும் இங்கும் நடந்து களைத்துப் போகும். இப்படி ஒரு சிநேகிதமா என்று மற்றவர்கள் கண் கலங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வெந்நீர்க் குளியல் கூடத்துக்குப் போவார்கள். சங்தே தையல் இழுக்கிறது என்பார். கில்நம், அண்ணன் இல்லாமல் நான் மட்டும் எதற்கு என்று அறையிலேயே இருந்துவிடுவான். கூலி கிடைத்தும் கடன் வாங்குகிறவனுக்குக் குளிக்கவும் காசில்லை போலும் என்று சங்தேவுக்கு மனசு வலிக்கும்.

திங்கட்கிழமை சாயங்காலம் சங்தே ஒரு டப்பா களிம்பு வாங்கிக் கை இரண்டிலும் அப்பிக்கொண்டார். பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு படுத்தார். காலையில் கை பளபளவென்று இருந்தது. மெஷினில் வைத்தார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. மெஷின் கண்ணாடி முழுக்க எண்ணெய். அவருக்குப் பின்னால் வந்த எவன் விரலையும் அது அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நாற்பது பேரையும் பொரா கையால் எழுத வேண்டியதாயிற்று. கான்கிரீட் லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தது.

"எவன்டா இது, மெஷின்ல பன்னிக்கறி வறுத்தது?" என்று மேஸ்திரி தோ கத்தினார்.

புதன்கிழமை, பழைய தோல் போனால் புதுத் தோலில் ரேகை வரும் என்று நினைத்து, காலையில் குதிகால் தேய்க்கும் பியூமிஸ் கல்லால் கட்டை விரலைத் தேய்த்தார். தோல் போனது. ரத்தம் வந்தது. மெஷின் அதையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

"இன்னைக்கு மூணாவது நாள் ஐயா" என்றாள் பொரா, தலை நிமிராமல்.

"நான் சொல்றதைக் கேளுங்கண்ணே" என்றான் கில்நம். "சுண்டு விரலைப் பதிஞ்சிடுங்க. அதுல கொஞ்சம் மிச்சம் இருக்கும். கம்பியைப் பிடிக்கறப்ப சுண்டு விரல் அவ்வளவா தேயாது."

"உனக்கு எப்படிடா இதெல்லாம் தெரியும்?"

"தெரியும்ணே."

வியாழக்கிழமை சங்தே ஆபீசுக்குப் போனார். புது விரல் பதிய மேஸ்திரி கையெழுத்து வேண்டும் என்றாள் பொரா. மேஸ்திரி வந்தார். பேனாவைத் திறந்தார். சங்தே கையுறையைக் கழற்றினார். மேஸ்திரி பேனாவை மூடினார்.

"என்னய்யா இது? சமைச்ச நண்டு மாதிரி இருக்கு!"

"சிமெண்டுங்க."

"முப்பது வருஷமா நானும் சிமெண்டுலதான் கிடக்கேன். இது ஒட்டுவாரொட்டி. உன்கூட அறையில இருக்கறவன் யாரு? பியோ! இங்க வா. கையுறையைக் கழட்டு."

"எனக்குக் குளுருதுங்க" என்றான் கில்நம்.

"கழட்டுய்யா!"

கழற்றினான். அதே சிவப்பு. அதே உரிந்த தோல். அதே வழவழப்பு.

"பரவிடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். அதுவரை நெருங்கி நின்று வேடிக்கை பார்த்த நாற்பது பேரும் ஒரே நேரத்தில் இரண்டடி பின்வாங்கினார்கள். நேற்று கில்நமின் குவளையில் காபி குடித்தவன் எச்சில் துப்பத் தொடங்கினான்.

"ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாம வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார் மேஸ்திரி, முகமூடியை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டு.

சங்தேவுக்கு வேலை போனது உறைக்கவே இல்லை. வேறொன்று உறைத்தது. அன்று காலைக் கஞ்சி குடித்த கையோடு, கில்நம் ஒரு பச்சை பாட்டிலை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்ததை அவர் பார்த்திருந்தார். எல்லாரிடமும்தான் அந்தப் பாட்டில் இருக்கிறதே என்று பேசாமல் இருந்துவிட்டார். அது தன் பாட்டிலாக இருந்தால்?

அறைக்கு ஓடினார். அரிசி டப்பாவுக்குப் பின்னால் பாட்டில் இருந்தது. கொட்டி எண்ணினார். மூன்று தடவை எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது. அதுதான் அவரை நடுங்க வைத்தது. இவன் எடுத்தும் கணக்கு சரியாக இருந்தால், தான் போட மறந்த வேளைகள் எத்தனை?

கில்நமின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

"கோட்டையடி ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணே, அது பக்கம்" என்றான் கில்நம். "பெரிய ஆஸ்பத்திரி எதுக்கு?"

"பேசாம வா. காலையில நீ போட்ட மாத்திரை என்ன கலர்?"

கில்நம் தயங்கினான். "பீச் பழக் கலர்ணே."

"வைட்டமின் மஞ்சள்டா, முட்டாள்! அது என் மாத்திரை. அது..." சங்தே குரலைத் தாழ்த்தினார். "கேன்சர் மாத்திரைடா. என் கேன்சருக்கு."

கில்நம் ஜன்னலை விட்டுத் திரும்பினான்.

"உங்களுக்கா?" என்றான்.

"எனக்குத்தான். குடல்வால்னு சொன்னேன்ல, பொய். தெரிஞ்சா பட்டியல்லேருந்து பேரை எடுத்துடுவாங்க. உங்கிட்டச் சொன்னா நீ இரக்கப்படுவே. இரக்கப்பட்டா கடனைத் திருப்பிக் கொடுத்துடுவே. அப்புறம் நீ எதைச் சாப்பிடுவே?"

கில்நமின் தோள் குலுங்கியது. உரிந்த கையால் மூக்கைத் துடைத்தான். சாகப் போகிறோம் என்று பயப்படுகிறான், பாவம் என்று நினைத்துக்கொண்டார் சங்தே.

"அண்ணே, நானும் ஒண்ணு சொல்லணும்."

"ஒண்ணும் சொல்லாத. கடனைத்தானே சொல்லப் போறே?" சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பென்சிலைப் பிடிக்க விரல் எரிந்தது. முஷ்டியில் பிடித்து, ஐந்து வரியையும் ஒவ்வொன்றாக அடித்தார். கடைசி வரியில் தாளே கிழிந்தது. "முடிஞ்சுது. நாலு லட்சத்து முப்பத்தேழாயிரமும் தள்ளுபடி. நீ எனக்கு ஒரு வோன்கூடத் தர வேண்டாம். விஷத்தை வைட்டமின் பாட்டில்ல வெச்சவன் நான். நல்ல ரத்தத்தைக் கெடுத்துட்டேன்."

"ஐயோ, அடிக்காதீங்கண்ணே, அந்தக் காசை நான்..."

"குதிரை மேல கட்டினே. தெரியும். கட்டிட்டுப் போ. உயிரோட இருந்து கட்டு."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் கில்நமிடமிருந்து வந்தது. முன் சீட்டில் இருந்த அம்மாள் ஒரு காகிதக் கைக்குட்டையைப் பின்னால் நீட்டினாள்.

ஆஸ்பத்திரி நான்காவது மாடியில் அந்த மூக்குக்கண்ணாடி நர்ஸ்தான் இருந்தாள். சங்தே மேஜை மேல் பாட்டிலை வைத்தார்.

"அம்மா, நீங்க வேற யாரும் தொடக் கூடாதுன்னு சொன்னீங்க. நான் ஜாக்கிரதையா இல்ல. என் தம்பி தெரியாம இதைச் சாப்பிட்டுட்டான். ஒரு வியாதியும் இல்லாத ஆளும்மா. அவன் கையைப் பாருங்க. என் சிகிச்சை எப்படிப் போனாலும் சரி, முதல்ல அவனைக் காப்பாத்துங்க."

"எங்க அவரு?"

கில்நம் தூணுக்குப் பின்னால், தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். சங்தே அவன் சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்தார். தொப்பி கழன்று விழுந்தது.

நர்ஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அட, பியோ ஐயா! உங்க ஆறாவது மாத்திரைச் சுற்றுக்கு இன்னும் பத்து நாள் இருக்கே, இன்னைக்கு எதுக்கு வந்தீங்க? அது சரி, ஆகஸ்டுலேருந்து ஒவ்வொரு தடவையும் துணைக்கு யாருமில்லைன்னு எழுதிக் கொடுத்தீங்களே, அப்போ இவரு உங்களுக்கு யாரு?"