காவலாளி கட்சியில் ஓர் உளவாளி

"...குடிச்சு முடிக்கட்டும் தம்பி. கையில டீயோட நிக்கிற ஆளப் பின்னாலேர்ந்து கழுத்தப் புடிக்கிறது மனுசன் செய்யிற காரியமா?"

இப்படிக் கேட்டவர் செக்யூரிட்டி பாய். கேட்டது என்னிடம். டீ குடித்துக்கொண்டிருந்தவனோ கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருக்கிற வில்லனின் காவலாளி. உலகத்தில் உளவாளிகள் ஆயிரம் பேர் இருக்கலாம். எதிரியின் காவலாளிக்கு முதுகு வலிக்குமே என்று கவலைப்பட்ட ஒரே உளவாளி எங்கள் பாய்தான். எந்தப் பத்திரத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

திருவாரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த காலம் அது. சிட்டா அடங்கல், பயிர்க் காப்பீடு, பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் உண்டு. மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் யாரோ ஒரு காலேஜ் மாணவர் இந்த விளையாட்டை ஏற்றிவிட்டுப் போயிருந்தார். கறுப்புச் சட்டை உளவாளி ஒருவன். வில்லனின் மாளிகைக்குள் யார் கண்ணிலும் படாமல் பதுங்கிப் பதுங்கிப் போய் ஒரு பென்டிரைவை எடுத்து வரவேண்டும். குறுக்கே நிற்கும் காவலாளிகளை ஏமாற்றலாம், இல்லாவிட்டால் மயக்கமடையச் செய்யலாம். கதை அவ்வளவுதான்.

பாய் துபாயில் ஒரு பெரிய கட்டடத்தின் கேட்டில் பல வருஷம் காவலுக்கு நின்றுவிட்டு ஊர் திரும்பியவர். மறுபடி அனுப்பி வைக்க அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், விசாவுக்கு ஏற்பாடு செய்திருந்தார். அது மெயிலில் வந்ததா என்று பார்க்கத்தான் பாய் தினமும் என் கடைக்கு வருவார். விசா வரவில்லை என்றால் மற்றவர்களுக்கு முகம் தொங்கிப் போகும். இவரோ, "இன்னிக்கும் வரல பாய்" என்று நான் சொன்னதும், "அல்ஹம்துலில்லாஹ்!" என்பார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "அதாவது... பொறுமையா வரட்டும்னு சொன்னேன்" என்று விளையாட்டைத் திறப்பார்.

நின்றுகொண்டேதான் ஆடுவார். அதுவும் ஓரிடத்தில் நிற்க மாட்டார். இரண்டு பொத்தானைத் தட்டுவார், வாசல் வரைக்கும் போய்த் தெருவைப் பார்ப்பார், திரும்பி வருவார், மறுபடி தட்டுவார்.

"உட்காருங்க பாய், உங்களப் பாத்து எனக்குத் தலை சுத்துது."

"நின்னா கால் மரத்துப் போவுது தம்பி, உக்காந்தா மனசு மரத்துப் போவுது. நடந்தாத்தான் நான் நானா இருக்கேன்."

வேறு வழியில்லாமல் ஒரு காவலாளியை மயக்கம் போட வைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்கத் துக்கம்தான். அவனை இழுத்துக்கொண்டு போய் மரநிழலில் கிடத்துவார். "வெறுந்தரையில போட்டா இடுப்புப் புடிச்சுக்கும்." காசைச் சுண்டிப் போட்டுக் காவலாளியின் கவனத்தைத் திருப்பலாம் என்று நான் சொல்லிக் கொடுத்தபோது என்னையே முறைத்தார். "அவன் நின்ன எடத்த விட்டு நகந்தா வேலை போயிரும், தெரியுமா?" வில்லன் மீதுதான் அடங்காத கோபம். அவன் உலகத்தை அழிக்கப் பார்ப்பதைப் பற்றிப் பாய்க்கு ஒன்றுமில்லை. "இத்தன ஏக்கர்ல மாளிகை கட்டிருக்கான், காவல் நிக்கிறவனுக்கு ஒரு ஸ்டூல் போட்டானா பாருங்க! இவன்லாம் உருப்படுவானா?"

ஒருநாள் அந்தப் பென்டிரைவை எடுத்தே விட்டார். கடையில் நின்றவர்களெல்லாம் கை தட்டினோம். பாய் முகத்தில் ஈயாடவில்லை. "நாளைக்குப் பொருளக் காணோம்னா யாரு சம்பளத்துல புடிப்பான்?" என்றவர், அதுவரை ஆடியதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். காப்பீட்டுக்குப் பதிய வந்து காத்திருந்த விவசாயி ஒருவருக்குத் தாங்கவில்லை. "என்ன பாய் இது? நீங்க மாளிகை கேட்டத் தாண்டுறதுக்குள்ள நான் விட்டுட்டு வந்த நாத்து முத்திக் கதிரே வச்சிரும் போலருக்கே!"

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள், பாய் வாசலுக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பி ஓடி வந்தார். "தம்பி, மச்சான் வர்றாரு! கையில போனு, மொகத்துல சிரிப்பு. விசா வந்துருச்சு. நான் இல்லன்னு சொல்லிருங்க."

பாஸ்போர்ட் போட்டோவுக்காகக் கட்டித் தொங்கவிட்டிருந்த வெள்ளைத் துணிக்குப் பின்னால் புகுந்துவிட்டார். தரையில் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவையும் சும்மா நிற்கவில்லை, இடம் மாறி மாறி நின்றன.

மச்சான் உள்ளே வந்தார். "எங்க நம்ம மாப்ள?"

"இன்னிக்கு வரலீங்களே."

"அப்ப இந்த கேம யாரு ஆடுறது?"

"நான்தாங்க" என்று போய் ஒரு பொத்தானைத் தட்டினேன். உளவாளி நேராக நடுக்கூடத்தில் போய் நின்றான். சைரன் ஊளையிட்டது, எல்லாப் பக்கமிருந்தும் சுட்டார்கள். துணிக்குப் பின்னால் யாரோ "ச்சு" கொட்டியது எனக்குக் கேட்டது. நல்லவேளை, மச்சானுக்குக் கேட்கவில்லை.

"போன்ல சார்ஜ் கொறஞ்சிருச்சு தம்பி. கொஞ்சம் போட்டுக்கிறேன்" என்று அவர் கவுன்ட்டரின் குட்டைக் கதவைத் தள்ளி, என் கல்லாப் பக்கம் கால் எடுத்து வைத்தார்.

"சார்! அந்தப் பக்கம் வெளி ஆள் போகக் கூடாது! இப்படி வாங்க!"

கடையே அதிர்ந்தது. அப்படி ஒரு குரல் பாயிடம் இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மச்சான் எடுத்த காலை அப்படியே பின்னால் வைத்தார். பிறகு மெதுவாக வந்து துணியை விலக்கினார்.

"இங்க என்ன மாப்ள பண்றீங்க?"

"போட்டோ எடுக்கலாம்னு..."

"துணிக்குப் பின்னாடியா?"

நான் சிரிப்பை அடக்க ஜெராக்ஸ் மெஷினுக்குள் குனிந்துகொண்டேன். மச்சான் போனை நீட்டினார். "விசா வந்துருச்சு. அதே கம்பெனி, அதே கேட்டு, சம்பளம் மட்டும் முன்னவிடக் கூட. அடுத்த வாரம் கெளம்பணும்."

பாய் கடையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தார். அந்த நடையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. தலையை ஆட்டிவிடுவார், போய்விடுவார் என்றே நினைத்தேன். பாதி வழியில் நின்றார்.

"நான் போகல மச்சான்."

"என்ன?"

"நின்னது போதும். வெயில்ல நின்னேன், யாரு யாரோ உள்ள போறதப் பாத்துக்கிட்டே நின்னேன். ஒங்க தங்கச்சி மும்தாஜ் போடுற சமோசாவ எடுத்துக்கிட்டு டீக்கடை டீக்கடையாப் போறேன். அலையிற வேலைதான். அலையிறேன். நிக்க மட்டும் சொல்லாதீங்க."

"எத்தன பேரு கையக் காலப் புடிச்சு வாங்குன விசா தெரியுமா? எந்தங்கச்சிக்கு இது தெரியுமா?"

"சொல்லல."

"இப்பக் கேளுங்க. என் எதிர்லயே கேளுங்க."

பாய் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "மும்தாஜ், விசா வந்துருச்சு. நான் போகல. ஒன் சமோசாவக் கடைகளுக்குப் போடலாம்னு..."

அந்தப் பக்கம் எண்ணெயில் ஏதோ பொரிகிற சத்தம் கேட்டது. மச்சான் போனை நோக்கிக் குனிந்தார்.

"ஏங்க, இத தெனமும் தூக்கத்துல பொலம்புறீங்க. முழிச்சிருக்கப்ப எப்பச் சொல்வீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். வர்றப்ப மைதா வாங்கிட்டு வாங்க. அண்ணன் கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்."

மச்சான் போனைச் சட்டைப் பையில் போட்டார். கோபமா, வருத்தமா, முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. "சரி மாப்ள. கம்பெனியில நானே சொல்லிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

பாய் முந்திக்கொண்டு ஓடினார். கண்ணாடிக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, மார்பில் கை வைத்து சலாம் சொன்னார். மச்சான் படியிறங்கி, வண்டியை எடுத்து, சந்து திரும்புகிறவரைக்கும் கதவைப் பிடித்தபடியே நின்றார். பிறகு சத்தம் வராமல் அதைச் சாத்திவிட்டு, இந்தத் தடவை கதவுக்கு வெளியே நிற்காமல், என்னோடு உள்ளே வந்து நின்றுகொண்டார்.