பின்வீட்டு ஆட்சேபணை

எந்தத் தாளை உருவினால் காரியம் கெடும் என்பதுதான் வீரபாண்டிக்குத் தெரியவில்லை. எக்சைஸ் ஆபீஸ் வாசல் மரத்தடியில் நின்றபடி கோப்பைப் புரட்டினார். எல்லாம் மலையாளம். மட்டாஞ்சேரிக்கு வந்து தலை நரைத்துவிட்டது. பேச வரும், படிக்க வராது. கடைசியில் கட்டடத்தின் வரைபடம் ஒன்று இருந்தது. படம் இல்லாமல் எந்தச் சர்க்கார் ஆபீஸ் சம்மதிக்கும்? அதை உருவி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கோப்பு அவருடைய முதலாளி லோனப்பனுடையது. லோனப்பனின் டூரிஸ்ட் ஹோமில் மேலே அறைகள், கீழே பார். வீரபாண்டி அங்கே மூத்த சப்ளையர். பாரை இரவு பதினொன்றுக்கு மூடியாக வேண்டும். இந்த வருஷம் டிசம்பர் கடைசியில் வரும் கார்னிவல் திருவிழாவுக்கு, கேட்கிற பார்களுக்கு ஒரு மணிவரை திறந்திருக்கத் தற்காலிக அனுமதி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"புதுவருஷ ராத்திரி ஒண்ணு மட்டும் மதி, அது போதும். நீதான் பேப்பர் கொண்டுபோகணும் பாண்டி," என்றார்.

கேரளத்தில் தமிழர் எல்லாரையும் பாண்டி என்பார்கள். இவருக்கு அதுவே பெயராகவும் அமைந்துவிட்டதால் கோபப்பட வழியில்லை.

"முதலாளி, அன்னைக்கு எனக்கு லீவு வேணும். வீட்ல அவளுக்கு முடியலைல்ல."

"கார்னிவலுக்கு லீவா? இங்க வேலை செய்யற பெங்காலிப் பையன்மார் எல்லாம் நாட்டுக்குப் போயாச்சு. நீயும் நிக்கலைன்னா லைன் வீட்டுச் சாவியையும் தந்துட்டுப் போ."

வீடு முதலாளியுடையது. பாரின் பின்சுவரை ஒட்டி ஒற்றை அறை. அதில்தான் வீரபாண்டியின் மனைவி பேச்சியம்மாள் படுத்திருந்தாள். முதுகெலும்பில் புற்று. இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். பகலெல்லாம் பக்கத்து வீட்டு ஷபானா துணை. நடுராத்திரியை ஒட்டித்தான் வலி உச்சத்துக்கு ஏறும். பார் மூடியதும் வீரபாண்டி ஓடுவார். அவர் போய்ப் பக்கத்தில் படுத்ததும் பேச்சியம்மாள் அடங்கிவிடுவாள். "நம்ம கை பட்டாப் போதும், வலி ஓடியே போயிரும்," என்று குடிக்க வருகிறவர்களிடம்கூடப் பெருமையடித்துக்கொள்வார். மிச்சம் இருந்தது கொஞ்ச ராத்திரிகள். அதில் ஒன்றைக்கூட லோனப்பனின் பிராந்திக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

கிளார்க் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார்.

"பிளான் எவிடே?"

"இல்லையா சார்?" வீரபாண்டி முகத்தை முடிந்தமட்டும் சோகமாக வைத்துக்கொண்டார். "அப்ப முடியாதுல்ல?"

கிளார்க் எழுந்து அலமாரியிலிருந்து லைசென்ஸின் பழைய கோப்பை எடுத்தார். அதிலிருந்த படத்தைப் பிரதி எடுத்துச் சேர்த்தார்.

"இது மதி. புதுசு கொண்டுவராதது நன்னாச்சு. பின்னாடி ஒரு ஷெட்டு கட்டியிருக்காரில்லே உங்க முதலாளி? படத்துல அது கண்டா அப்பவே தள்ளியிருப்பாங்க."

லோனப்பன் விஷயம் கேட்டு வீரபாண்டியின் தோளில் தட்டினார். "உனக்குப் புத்தி உண்டு பாண்டி. ஞான் அறிஞ்சில்ல."

ஆபீஸில் நடக்காததைத் தெருவில் நடத்துவது என்று வீரபாண்டி எதிர்மாடி ஏறினார். அங்கே வெங்கிடேஸ்வரன் இருந்தார், பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். கோயில் செண்டை, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, சர்ச் வெடி என்று வித்தியாசம் பாராமல் எல்லாவற்றுக்கும் மனுப் போட்டவர். மதச்சார்பின்மை என்றால் என்ன என்று அவரிடம்தான் கற்க வேண்டும்.

"சாமி, பாரை ராத்திரி ஒரு மணிவரைக்கும் திறக்கப் போறாங்களாம்."

"யாரு, லோனப்பனா?"

"பேப்பரே போயாச்சு. நீங்க ஒரு எழுத்து எழுதினா நல்லாருக்கும்."

"எழுதாம இருப்பேனா? இன்னிக்கே எழுதறேன் பாரு."

வீரபாண்டி நிம்மதியாகத் தூங்கினார். நிம்மதி அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் லோனப்பன் பாருக்குள் ஆடாத குறையாக வந்தார். வெங்கிடேஸ்வரன் எழுதியது ஆதரவுக் கடிதம். வீரபாண்டி மறுபடி மாடி ஏறினார்.

"என்ன சாமி இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நன்னா யோசிச்சுப் பாரு. பதினொண்ணு அடிச்சா மொத்தக் குடியனையும் ஒரே சமயத்துல என் ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து தள்ளறேள். வாந்தி, பாட்டு, அடிதடி. ஒரு மணின்னா ஒவ்வொருத்தனா ஒழிஞ்சு போயிடுவான். ஒரு நாள் போறாது, கார்னிவல் வாரம் பூரா வேணும்னு ஸ்ட்ராங்கா எழுதியிருக்கேன் ஆக்கும்."

லோனப்பனுக்குச் சொல்ல வேண்டுமா? விண்ணப்பத்தை வாரம் முழுமைக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டார். ஒரு ராத்திரியைக் காப்பாற்றப் போனவருக்கு ஒரு வாரமே கையை விட்டுப் போனது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

இனி ஒரே வழி, அக்கம்பக்கத்தார் ஆட்சேபணை. பாரை ஒட்டிய வீட்டிலிருந்து வந்தால் மேலதிகாரி நேரில் விசாரித்தே தீர வேண்டும் என்று கிளார்க் சொல்லியிருந்தார். ஒட்டிய வீடு பேச்சியம்மாள் படுத்திருந்த வீடுதான். வருத்தப்படுவாளே என்று அனுமதி விஷயத்தையே வீரபாண்டி அவளிடம் சொல்லவில்லை. அவள் பெயரில் மனு எழுத, ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் போய் உட்கார்ந்தார்.

"ரோகின்னு மட்டும் எழுதினா ஏற்காது," என்றார் எழுதுபவர். "மரிக்கக் கிடக்கிறாள்னு எழுதட்டா?"

"எழுதுங்க," என்றார் வீரபாண்டி.

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. டாக்டர் சொன்னபோதுகூட அவர் அந்த வார்த்தையை வாயில் எடுத்ததில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மனு எழுதுபவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பேச்சியம்மாளுக்குக் கையெழுத்துப் போட வராது. அயர்ந்து கிடப்பவளை எழுப்பி மை பூச மனமில்லாமல் தன் பெருவிரலையே அழுத்திக் கொடுத்தார். புருஷன் விரலா பெண்டாட்டி விரலா என்று யார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

எக்சைஸ் ஜீப் மறுநாள் காலையிலேயே சந்து முனையில் வந்து நின்றது. ஷபானா பாருக்கு ஓடி வந்தாள்.

"அண்ணே, மேடம் ஒருத்தங்க வந்து அக்காகிட்டப் பேசிட்டிருக்காங்க. என்னைய வெளிய நிக்கச் சொல்லிட்டாங்க."

வீரபாண்டிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி லோனப்பன் வரும்வரைதான்.

"பெட்டிஷன் கொடுத்தது உன் பெண்டாட்டியாடா? என் வீட்டுல கிடந்துட்டு எனக்கே குழி பறிக்கிறியா? இன்னைக்கே வீட்டை ஒழிஞ்சு தரணும்."

"முதலாளி, அவளைத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?"

"அது கொடுக்கிறதுக்கு முன்னாடி ஆலோசிக்கணும்."

வீரபாண்டி கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். கட்டிலில் புரண்டு படுக்க முடியாதவள். அவளைத் தெருவில் போடும் அளவுக்குத் தன் கெட்டிக்காரத்தனம் வளர்ந்துவிட்டதே என்று தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

சந்திலிருந்து அதிகாரி ஸுப்ரியா வந்தார். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், தமிழ் தெரியும்.

"பின்வீட்டுல ஆட்சேபம் இல்ல. மனுவை வாபஸ் வாங்கிட்டாங்க," என்றார் லோனப்பனிடம். "வாரம் முழுக்க ஒரு மணிவரைக்கும் கொடுக்கலாம்னு எழுதப் போறேன்."

லோனப்பன் முகம் மலர்ந்தது. "பேச்சியம்மா தங்கமான ஸ்த்ரீ. ஞான் எப்பவும் சொல்றதாக்கும்," என்றவர், வீட்டைக் காலி செய்யச் சொன்னதை ஒரு நொடியில் மறந்து, ஐஸ் ஆர்டர் கொடுக்க உள்ளே போனார்.

வீரபாண்டி ஜீப்வரைக்கும் பின்னாலேயே போனார்.

"மேடம், அந்த மனு..."

"ரேகை உங்களோடதுன்னு தெரியும். உங்க விரல்ல இன்னும் மை இருக்கு. அவங்க, நான்தான் வச்சேன், புத்தி கெட்டு வச்சுட்டேன், கிழிச்சுப் போட்டுருங்கன்னாங்க."

"முதலாளிக்குப் பயந்து சொல்லியிருப்பா மேடம்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். இல்ல. அனுமதி விஷயம் ஷபானா சொல்லி முன்னாடியே தெரியுமாம். எப்படியாவது கொடுத்துருங்கன்னு என் கையைப் பிடிச்சுட்டாங்க."

"அது எப்படி மேடம்? நான் பக்கத்துல போய்ப் படுத்தாத்தான் அவளுக்கு வலியே அடங்கும். நான் போன பிறகு ஒரு சத்தம் வந்ததில்ல."

ஸுப்ரியா டிரைவரை வண்டியிலிருந்து இறங்கி ஒரு சாயா குடித்துவிட்டு வரச் சொன்னார். அவன் போன பிறகு வீரபாண்டியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன் அண்ணா. 'அந்த மனுசன் வந்து படுத்துட்டா, பாவம் தூக்கம் கெட்டுருமேன்னு விடியிற வரைக்கும் வாயில துணியை வச்சு அடைச்சுக்கிறேம்மா. இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தார்னா, நான் அதுக்குள்ள கத்தி அழுது முடிச்சிருவேன்.'"