தண்ணி லாரியில் வந்த நிச்சயதார்த்த மோதிரம்

சைக்கிள் வாங்கியவனுக்குத் தொடையில் சதை பிடிக்க ஆறு மாதம் ஆகும். அபிப்பிராயம் மறுநாள் காலையிலேயே வந்துவிடும். எனக்கு டெலிவரி ஆன அன்று சாயங்காலமே வந்துவிட்டது.

நான் வாங்கியது மலையில் ஓட்டுகிற சைக்கிள். (“சேலையூர்ல மலை எங்கடா இருக்கு?” என்று அம்மா கேட்டார். “பள்ளம் இருக்கேம்மா” என்றேன்.) ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் போலவே சாஃப்ட்வேரில் வேலை பார்க்கும் ஐந்து பேரோடு ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஒன்றரை மணி நேரம் டீக்கடையில் பேசுவேன். சக்கரம் இருபத்தாறு அங்குலம்தான் உத்தமம் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னபோது நானும் சொன்னேன். அவர்கள் இருபத்தொன்பதுக்கு மாறியதும், பழைய சக்கரக்காரர்களைப் பார்த்துக் கண் கலங்கினேன். மட்கார்டு போடுவது கோழைத்தனம், ஸ்டாண்டு வைப்பது கேவலம், பெல் அடிப்பது அநாகரிகம். இதெல்லாம் என் கொள்கைகள். போதாததற்கு, பெடலோடு ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும் ஷூ வேறு. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். (திருப்ப ஞாபகம் வந்தால்.)

என் தங்கை ஷீபாவின் நிச்சயதார்த்தம் ஒரு சனிக்கிழமை, ஊரப்பாக்கத்தில் ஒரு ஹாலில். மாப்பிள்ளை வீட்டார் நாகர்கோவில். மாப்பிள்ளையின் பெரியம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ரயில் தாமதமானதற்கு டிக்கெட் பரிசோதகரிடம் காரணம் கேட்டு, பதிலில் திருப்தி அடையாதவர். பத்தரைக்கு ஜெபம். பதினொரு மணிக்குப் பாஸ்டர் இன்னொரு கல்யாணத்துக்குக் கிளம்பியாக வேண்டும்.

எல்லோரும் வேனில் போனார்கள். நான் மட்டும், “வேட்டி சட்டையை எடுத்துட்டுப் போங்க, சைக்கிள்ல வந்து மாத்திக்கறேன்” என்றேன். சம்பந்தி வீட்டார் முன்னால் நான் ஸ்டைலாக வந்து இறங்கும் காட்சியை மனதுக்குள் பல தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன்.

ஒன்பதே முக்காலுக்கு அம்மாவின் போன்.

“எபி, மோதிரம் ஃப்ரிட்ஜ் மேலயே இருக்குடா! சைக்கிள் எல்லாம் வேணாம், ஆட்டோ பிடிச்சு வந்துடு.”

“ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்ல ஆட்டோவா? பெருங்களத்தூர் தாண்டவே மத்தியானம் ஆயிடும். நான் ஏரிக்கரை வழியா வரேன். இதுக்குத்தாம்மா இந்த சைக்கிளையே செஞ்சிருக்கான்!”

“ஷீபா அழறாடா.”

“நாப்பதே நிமிஷம்!”

உடம்போடு ஒட்டிய கறுப்பு டிராயர் (பின்பக்கம் மெத்தை வைத்தது), கிளிப்பச்சை பனியன், அதன் முதுகுப் பாக்கெட்டில் மோதிரப் பெட்டி. கிளம்பினேன். நெடுங்குன்றம் வரை பறந்தேன். முந்தின நாள் மழையில் ஏரிக்கரை குழைந்து கிடந்தது. பின்சக்கரம் என் முதுகில் பிடரி வரைக்கும் சேற்றால் கோடு போட்டது. இதுவல்லவோ வாழ்க்கை என்று உரக்கப் பாடிக்கொண்டே வளைவில் திரும்பினேன். எதிரே பதினைந்து எருமைகள்.

பிரேக் பிரமாதமாகப் பிடித்தது. சைக்கிள் நின்றது. நின்ற சைக்கிளின் மேல், இரண்டு கால்களும் பூட்டியபடி, நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு விநாடி. இரண்டு விநாடி. பிறகு மிக நிதானமாக இடது பக்கம் சாய்ந்து, கரையிலிருந்து சேற்றுக்குள் போய்ச் சேர்ந்தேன். பூட்டுக்குள் சேறு புகுந்துவிட்டது. எப்படித் திருகியும் கழலவில்லை. ஓர் எருமை வந்து என்னை முகர்ந்துவிட்டு, தன் இனம் இல்லை என்று தீர்மானித்துப் போய்விட்டது.

பாக்கெட்டைத் தடவினேன். பெட்டி இருந்தது. மணி பத்து இருபது. ஷீபா அழுகிறாள் என்று அம்மா சொன்னது அப்போதுதான் நிஜமாகக் காதில் விழுந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு தண்ணி லாரி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், இங்க படுத்துகினு கீற?”

“கால் மாட்டிக்கிச்சுண்ணா. பெடல்ல பூட்டியிருக்கு.”

“சைக்கிள்ல காலப் பூட்டிட்டாங்களா? எவன் சார் அவன்?”

“நான்தான்.”

தலையில் அடித்துக்கொண்டார். பிறகு இறங்கி வந்து, நாடாவை அவிழ்த்து, ஷூவை விட்டுவிட்டுக் காலை மட்டும் உருவினார். (அது எனக்குத் தோன்றவே இல்லை.) சைக்கிளை லாரியின் பின்னால் கட்டினார். அவர் பெயர் மோகன். விஷயத்தைச் சொன்னதும் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுக்கவே இல்லை.

“ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, மட்காடு இல்ல, பெல்லு கூட இல்ல. அல்லாத்தையும் கயட்டிக்கினு உன்னாண்ட வித்துட்டானா சார்?”

சைக்கிள் தொழிலைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் இன்றுவரை படித்ததில்லை.

பத்தே முக்காலுக்கு ஹால் வாசலில் ஹாரன் அலற நின்றோம். நான் இறங்கியதும், மெத்தை குடித்திருந்த ஏரித் தண்ணீர் இரண்டு காலிலும் வழிந்தது. ஜன்னல் வழியே பெரியம்மா தெரிந்தார். லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“அண்ணா, நீங்களே குடுத்துடுங்கண்ணா. மேடைல நீலப் பட்டுல நிக்கறாங்களே, அவங்கதான் அம்மா.”

மோகன் அண்ணா மச்சினன் வீட்டு விசேஷத்துக்காக லாரியில் மாட்டி வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, தலை சீவி, பெட்டியோடு உள்ளே நடந்தார். அம்மா அழுதுகொண்டே ஓடிவந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் மாமா பன்னீர் தெளித்தார். போட்டோகிராபர், “பொண்ணோட அண்ணன், கொஞ்சம் நடுவுல வாங்க” என்றார். அவரும் தட்டாமல் போய் நின்றார். மோதிரம் மாட்டினார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நேரத்தில் நான் வாசலில், லாரியின் குழாயைத் திறந்துவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மாவால் முழங்கால் வலி காரணமாகக் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. அவரிடம் உண்மையைச் சொல்ல ஷீபா இன்றுவரை யாரையும் அனுமதித்ததும் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நாகர்கோவிலிலிருந்து போன் வரும். ஷீபா ஸ்பீக்கரில் போடுவாள், வீடே கூடி நிற்கும்.

“லாரி வச்சிருக்கானே உங்க மூத்தவன், சுகமா இருக்கானா? பொறுப்பான பையன்.”

“இருக்கான்” என்பார் அம்மா.

“அன்னைக்கு வாசல்ல டிராயரோட குளிச்சிட்டு நின்னானே ஒரு கிளீனர், அவன இன்னுமா வேலைக்கு வச்சிருக்கான்?”

அம்மா என்னை மேலும் கீழும் பார்ப்பார்.

“என்ன செய்யறது? போக வேற இடம் இல்ல அவனுக்கு.”