மலைக் கல்லூரி வேண்டாம், மச்சான்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும், தங்கள் தங்கையும், என் மூக்குக்கண்ணாடிக் கடையும் நலம். அங்கு தாங்களும், தங்கள் முழங்காலும், தாங்கள் முன்னுரையோடு மூடிவைத்த புத்தகங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. என் மகளின் எதிர்காலம் பற்றித் தாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதிய பதினோரு பக்கக் கடிதம் கிடைத்தது. முப்பது வருடம் நூலகராக இருந்தவர் எழுதினால் அப்படித்தான் இருக்கும். விஷயம் கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் மலைக் கல்லூரியில்தான் சேர வேண்டும், அங்கேதான் சிந்திக்கக் கற்றுத்தருவார்கள் என்கிறீர்கள். மச்சான், அவளுக்குச் சிந்திக்கத் தெரியாது என்று உங்களிடம் யார் சொன்னது? பதினெட்டு வருடமாக நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்கிறாள். அதற்கு மேல் ஒரு கல்லூரி வேறு சொல்லிக்கொடுத்தால் இந்த வீட்டில் நான் குடியிருக்க முடியுமா? தங்கை மூலமாகத் தெரிந்துகொண்டு நீங்கள் போனில் கத்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இடம் கிடைத்த இரண்டு கல்லூரிகளில் ஏரிக் கல்லூரி என்று முடிவு செய்தாகிவிட்டது. இன்று மாலை ஐந்து மணிக்குள் இரண்டில் ஒன்றுக்குத் தகப்பன் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் போய்ச் சேர வேண்டும். தவறினால் இரண்டு இடமும் கைநழுவிப் போகும். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஸ்கேன் செய்து அனுப்புவதுதான் பாக்கி.

முதலில், இரண்டு இடத்திலும் சொல்லிக்கொடுக்கிற இந்த லிபரல் ஆர்ட்ஸ் என்றால் என்னவென்றே எனக்கு இன்னும் விளங்கவில்லை. மகளிடம் கேட்டேன். "எல்லாத்தையும் படிக்கலாம்பா. தத்துவம், வானவியல், நாடகம், பொருளாதாரம்." "எல்லாத்தையும் படிச்சுட்டு என்னவா ஆவே?" "அதை அங்க போய்த்தான் கண்டுபிடிக்கணும்." வழி தெரியாதவன்கூட ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறான், மச்சான். போய்ச் சேர்ந்த பிறகு ஊரைக் கண்டுபிடிக்கிற பயணத்தை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

ஏரிக் கல்லூரியைப் பார்க்கப் போனோம். பேருந்தில் ஒன்றரை மணி நேரம். விளம்பரப் புத்தகத்தில் அட்டை முழுக்கத் தண்ணீர்; நேரில் போனால் ஒரு பள்ளம், அதில் இரண்டு பேர் பேட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்தார்கள். "ஏரி எங்கங்க?" என்றேன். "இதுதான் சார், பருவத்துக்குத் தகுந்த மாதிரி இருக்கும்" என்றார் வரவேற்பாளர். அங்கே 'மௌனத்தின் வரலாறு' என்று ஒரு பாடம் இருக்கிறது. அதன் பேராசிரியர் ஒன்றே முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினார். தங்கள் தங்கை தூங்கிவிட்டாள். திடுக்கிட்டு விழித்ததும் கைதட்டினாள். அதைப் பார்த்து எல்லாரும் கைதட்ட, அந்த மனிதர் தன் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார். தங்கள் குடும்பத்தார் கல்விக்குச் செய்த சேவைகளில் இதுதான் பெரியது.

அந்தப் பள்ளமே தேவலை என்று நினைக்கவைத்தது உங்கள் மலைக் கல்லூரி. பதினான்கு மணி நேர ரயில், அதற்கு மேல் வளைந்து வளைந்து ஒரு பேருந்து. இறங்கும்போது எனக்கே எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வகுப்பில் வட்டமாக உட்காருகிறார்கள். ஆசிரியை ஒரு கேள்வி கேட்டால் பிள்ளைகள் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "பதிலை யாரும்மா சொல்லுவாங்க?" என்று கேட்டேன். "பதிலுக்கு என்ன சார் அவசரம்?" என்றார் அந்த அம்மாள். எழுத்து தெரியவில்லை என்று என் கடைக்கு வருகிறவரிடம், எழுத்துக்கு என்ன அவசரம் என்று சொல்லி அனுப்பட்டுமா? இதைச் சொன்ன அம்மாள், படிப்பதற்கான கண்ணாடியைப் போட்டுக்கொண்டே படியிறங்கி, கால் இடறி, என்மேல் சாய்ந்து, இருவருமாக ஒரு பூந்தொட்டியில் போய் முட்டினோம். ஃபிரேம் கோணிவிட்டது. சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருந்தது என் குற்றம். நிமிர்த்திக் கொடுத்தேன். அதைப் பார்த்த வரலாற்றுப் பேராசிரியர் தன்னுடையதைக் கழற்றினார், அவருக்குப் பின்னால் கணிதக்காரர் வந்து நின்றார், அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. மதியத்துக்குள் பதினேழு கண்ணாடி! உலகத்தையே அலசிக் காயப்போடுகிறவர்களுக்குத் தங்கள் மூக்குமேல் கழன்று தொங்கும் ஒரு திருகை முடுக்கத் துப்பில்லை. அந்தக் கல்லூரியில் நான் பார்த்தது ஒரு படிக்கட்டும் பதினேழு மூக்கும்தான். மகள் அந்த நேரமெல்லாம் வட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். திரும்பும் வழியில் பேச ஆரம்பித்தவள் வீட்டு வாசல்வரை வாயை மூடவில்லை. எதிர் இருக்கைக்காரர் வேறு பெட்டிக்கே மாறிப்போனார்.

கடைசியில் என் தொழில்முறைப்படி தீர்ப்பது என்று முடிவெடுத்தேன். பவர் பார்க்கும்போது இரண்டு லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்போம். இரண்டும் ஒன்றுதான் என்று எப்போது சொல்கிறார்களோ, அதோடு சோதனை முடிந்தது. இரண்டு விளம்பரப் புத்தகங்களிலும் பெயர் வருகிற இடமெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டி, தங்கள் தங்கையைக் கடை நாற்காலியில் உட்காரவைத்துப் பக்கம் பக்கமாகக் காட்டினேன். இதில் மரத்தடியில் சிரிக்கும் பிள்ளைகள். அதிலும் மரத்தடியில் சிரிக்கும் பிள்ளைகள். இதில் 'உங்கள் பிள்ளையின் சிறகுகளுக்கு ஒரு வானம்'. அதில் 'உங்கள் பிள்ளையின் வானத்துக்குச் சிறகுகள்'. "ரெண்டும் ஒண்ணுதாங்க, அடுப்புல வேலை இருக்கு, விடுங்க" என்றாள். நடுவில் எது எந்தப் புத்தகம் என்று எனக்கே மறந்துபோய், அரை மணி நேரம் மலைக் கல்லூரியைப் புகழ்ந்து தொலைத்துவிட்டேன். மகளோ நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்றாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியலைப்பா. நான் உங்க பக்கத்துலயே இருக்கணும், அதானே உங்களுக்கு? அதை நேரா சொல்லுங்களேன்." என்ன திமிர் பாருங்கள்! வாசலிலேயே பேருந்து நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து போகலாம், அவ்வளவுதானே நான் சொன்னது? மூன்று நாள் மல்லுக்கட்டினாள். நேற்று "சரிப்பா" என்றாள். உறுதியாக நின்றால் பிள்ளைகள் தானாக வழிக்கு வருவார்கள், மச்சான். இந்த வித்தையை உங்கள் பையன்களிடம் நீங்கள் காட்டியிருந்தால் இன்று அவர்கள் உங்கள் போனையாவது எடுப்பார்கள்.

ஆகவே மலை என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள். தங்களுக்கு நீண்ட ஆயுளும், சிறிய கடிதங்கள் எழுதும் பழக்கமும் வாய்க்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கையைக் கட்டிக்கொடுத்த நாள் முதல் தாங்கள் திருத்த முயன்று தோற்றுவரும்,
தங்கள் அன்பு மைத்துனன்.

பின்குறிப்பு: மச்சான், இதுவரை நீங்கள் படித்தது மகளின் கையெழுத்து. இந்தக் கோழிக் கிறுக்கல்தான் என்னுடையது. என் எழுத்து ஒருவருக்கும் புரியாது என்பதால் என் கடிதங்களையெல்லாம் அவள்தான் நகல் எடுப்பாள். சும்மா எடுக்க மாட்டாள். 'அப்பா இப்படிச் சொல்லவே இல்லை', 'மாமா, இது பச்சைப் பொய்' என்று ஓரமெல்லாம் எழுதி, அதற்கு நான் கத்தி, அவள் கத்தி, அப்புறம்தான் உறையில் போவது வழக்கம். இன்று மூன்று மணிக்கு இதைக் கொடுத்தேன். திமிர் என்று நான் எழுதியதைக்கூட ஒரு எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறாள். ஓரமெல்லாம் வெள்ளை. "ஏம்மா, ஒண்ணும் எழுதலையா?" என்றேன். "எழுத என்னப்பா இருக்கு? எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று பேனாவை மூடிவைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னை எதிர்த்துப் பேச இந்த வீட்டில் அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? எதிர்த்துப் பேசாத ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தால் நான் அவளிடம் என்ன பேசுவேன்? ஏரிப் படிவத்தைக் கிழித்தேன். மலைக் கல்லூரிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கிடைத்தது என்று பதில் வந்தபோது ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது. போய் அவளிடம் சொன்னேன். உடனே, "அந்த லெட்டரைக் கொடுங்கப்பா. எவ்வளவு பொய் எழுதியிருக்கீங்க, அத்தனையையும் நானே என் கையால எழுதியிருக்கேன்" என்று பேனாவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். இதோ தோளுக்குப் பின்னால் நின்று பிடுங்கிக்கொண்டிருக்கிறாள், கொடுத்துவிடப் போகிறேன். நான் எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள், மச்சான். ஓரத்தில் இருப்பதை மட்டும் படியுங்கள்.